மாதம் பதினொன்றரைப் பவுண்டு

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சாலையில் ஒருமுறை போய் வந்தால் பாதி உலகத்தின் பெயர்ப்பலகைகளைப் படித்துவிடலாம். இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய். ஒரகடத்தில் பிரான்சின் ரெனோவும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து தொடங்கிய கார் ஆலை. அங்கேயே ஜெர்மனியின் டைம்லர் லாரி ஆலை. இந்தப் பக்கம் மறைமலை நகரில் அமெரிக்காவின் ஃபோர்டு. கொரிய எழுத்தில் பெயர் எழுதிய உணவகங்கள்கூட வந்துவிட்டன. வெளிநாடு நம் வாசலுக்கு வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

நம் வாசலிலிருந்து வெளிநாட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களைச் சொல்லவில்லை. படிக்கப் போனவர்களைக் கேட்கிறேன். உங்கள் ஊர்க் காலனியில் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பல ஊர்களில் முதல் விரலே மடங்காது.

இதை வசதி படைத்தவர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022இல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி நின்றது. அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது அமெரிக்காவின் டியர்போர்ன் நகரில். அங்கே ஒரு மேசையில் எடுக்கப்பட்ட முடிவு, இங்கே கம்பெனி பஸ்சுக்கு விடியற்காலையில் காத்து நின்ற ஆயிரக்கணக்கானோரின் சோற்றைத் தொட்டது. அப்படிப்பட்ட மேசைகளில் பொருளாதாரம் படித்த, சட்டம் படித்த நம் பிள்ளை ஒருவராவது உட்கார வேண்டாமா?

உட்கார முடியும் என்பதற்கு நம்மிடம் பெரிய சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றை நாம் சிலையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கோட்டும் சூட்டும் போட்டு, கையில் புத்தகத்தோடு நிற்கும் அம்பேத்கர் நம் ஊர் முச்சந்திகளில் இருக்கிறார். அந்தக் கோட்டை அவர் எப்படி வாங்கினார், அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது அவருக்கு யார் சோறு போட்டார்கள், பணம் தீர்ந்தபோது என்ன செய்தார் என்பதை நம் மாணவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மேதை, படித்தார், உயர்ந்தார் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். அப்படி முடித்தால், மேதை அல்லாத பிள்ளை எனக்கு இது ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறது. ஒரு மாணவராக அவர் பட்டதைச் சொன்னால்தான் நம் பிள்ளைகளுக்கு வழி தெரியும்.

கப்பல் ஏறிய மாணவர்

1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அம்பேத்கர் பி.ஏ. முடித்தார். 1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி இறந்தார். குடும்பம் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அந்த நேரத்தில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு உதவித்தொகை தர முன்வந்தார். மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. அன்றைக்கு ஒரு பவுண்டு ஏறக்குறைய 15 ரூபாய். நம் கணக்கில் மாதம் 170 ரூபாய்க்குச் சற்று மேல். பதிலுக்கு, படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம்.

1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்த பாடங்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பு வரும். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. போதாததற்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் அடிப்படையிலிருந்து கற்றார். மூன்று ஆண்டுதான் பணம் வரும் என்று தெரிந்தவர் நேரத்தைச் செலவழித்த விதம் அது.

பழைய புத்தகக் கடைகளில் சுமார் 2000 புத்தகங்கள் வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். அதே பதினொன்றரைப் பவுண்டில்தான் சாப்பாடு, புத்தகம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம். இந்திய விடுதலைக்காக அப்போது நியூயார்க்கில் இருந்து இயங்கிய லாலா லஜபதிராய் அவரைத் தம்மோடு சேர அழைத்தார். படிப்பு முடியட்டும் என்று அம்பேத்கர் ஒதுங்கினார். சமூகப் பொறுப்பு இல்லாததால் அல்ல. வந்த வேலையைப் பாதியில் விட்டால் இன்னொருவருக்கு இந்த வாய்ப்பு வராது என்பதை அறிந்த மாணவர் எடுக்கிற முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

ஓர் அறை, ஒரு நண்பர்

விடுதியில் அவருக்கு அறைத் தோழராகக் கிடைத்தவர் நவல் பதேனா என்ற பார்சி இளைஞர். இவர் பெயரை நம் மாணவர்கள் மனதில் வைக்க வேண்டும். பள்ளியில் கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டுபோய்த் தனியே உட்கார்ந்த சிறுவன், பியூன் மேலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர் குடிக்க முடிந்த சிறுவன், முதல்முறையாக ஒருவரோடு ஒரே அறையில் தூங்கினான், ஒரே மேசையில் சாப்பிட்டான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்த ஆண்டுகள் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே தம் மனதிலிருந்து துடைத்துவிட்டதாகப் பின்னாளில் அம்பேத்கர் எழுதினார். வெளிநாட்டுப் படிப்பு பட்டத்துக்கு முன்பாகத் தருவது இதைத்தான்.

ஆனால் அமெரிக்காவும் சொர்க்கம் அல்ல. கொலம்பியாவை ஒட்டியே ஹார்லெம் பகுதி. கறுப்பின மக்கள் தென்மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். அவர்களின் நிலையை அம்பேத்கர் அன்றே படிக்கத் தொடங்கினார். முப்பது ஆண்டு கழித்து, 1946இல், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸ் அவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பும் மனுவைப் பற்றி விசாரித்தார். தன் வலியை வைத்து அடுத்தவன் வலியைப் புரிந்துகொள்வது, அடுத்தவன் போராட்டத்தை வைத்துத் தன் போராட்டத்தைத் தீட்டிக்கொள்வது: இந்தப் பாடத்துக்குப் பட்டம் கிடையாது. பயணம்தான் கற்றுக்கொடுக்கும்.

1915இல் எம்.ஏ. முடித்தார். 1916 மே மாதம், பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று ஒரு கட்டுரை படித்தார். 25 வயது மாணவரின் அந்தக் கட்டுரையைத் தவிர்த்துவிட்டு இன்றும் சாதியைப் பற்றி யாரும் ஆய்வு செய்ய முடியாது. ஆசிரியர்களான ஜான் டூயி, செலிக்மன், ராபின்சன் ஆகியோரைப் பிற்காலத்திலும் நன்றியோடு நினைத்தார். கேள்வி கேட்டால் கோபப்படாத ஆசிரியர்கள் அவர்கள்.

ஊரில் அவர் மனைவி ரமாபாய் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். கணவர் கடல் கடந்து படிக்க, வீட்டில் வறுமையைத் தாங்கியவர் அவர். நியூயார்க் போன புதிதிலேயே ஊரில் உள்ள குடும்ப நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைத்தால்தான் நம் முன்னேற்றம் வேகமாகும் என்ற கருத்தை அம்பேத்கர் வலியுறுத்தினார். அந்தக் கடிதத்துக்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது. பிளஸ் டூ முடித்த பெண்ணை இன்றும் நேராகக் கம்பெனி பஸ்சில் ஏற்றிவிடுகிற வீடுகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன?

உதவித்தொகை நின்ற நாள்

1916இல் நியூயார்க்கிலிருந்து லண்டன் போனார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வுக்கும், கிரேஸ் இன் நிறுவனத்தில் பாரிஸ்டர் படிப்புக்கும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு முடியவில்லை. ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்று லண்டனில் அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்.

அது முதல் உலகப் போர்க் காலம். அவருடைய பெட்டிகளை ஏற்றிய வேறொரு கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த புத்தகங்கள் போயின. ஆய்வுக் குறிப்புகள் போயின. மூழ்கிய பெட்டிகளுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில்தான் ஒப்பந்தப்படி வேலையில் சேரப் பரோடாவுக்குப் போனார்.

அங்கே நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். தங்க இடமில்லை. இந்து விடுதிகளில் சேர்க்க மாட்டார்கள். பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் காலை, தடிகளோடு பார்சிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்று விரட்டினார்கள். இந்து நண்பர் ஒருவரிடம் இடம் கேட்டார். கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடமும் கேட்டார். இருவருமே சாக்குச் சொன்னார்கள். இரவு ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். கொலம்பியாவின் எம்.ஏ., உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்களின் மாணவர், சொந்த நாட்டில் ஒரு மரத்தடியில்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்துகொண்டவரும் பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். மனிதர்களை மதத்தின் பெயரில் மொத்தமாக நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க முடியாது என்பதை அந்த மாணவர் அனுபவத்தில் கற்றார். எந்த மண்ணில் நிற்கிறோம், அந்த மண் எதை அனுமதிக்கிறது என்பதுதான் அங்கே வேறுபட்டது.

மறுபடியும் லண்டன்

1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாதச் சம்பளம் 450 ரூபாய். அதில் சிக்கனம் பிடித்துச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் பதேனா 5000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடியும் லண்டன்.

இந்த இரண்டாவது லண்டன் வாழ்க்கை முழுக்கப் பட்டினியோடு நடந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும். இரவில் தெரிந்தவர் தந்த அப்பளம். பஸ்சுக்குக் காசு மிச்சம் பிடிக்க நடந்தே போவார். காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறந்ததும் உள்ளே போனால் மாலையில் மூடும்போதுதான் வெளியே வருவார். 1921இல் எம்.எஸ்சி., 1922இல் பாரிஸ்டர், 1923இல் டி.எஸ்சி. அந்த டி.எஸ்சி. ஆய்வேட்டைக்கூடத் திருத்தித் தரச் சொன்னார்கள். கையில் பணம் தீர்ந்ததால் பம்பாய்க்குத் திரும்பி, இங்கிருந்து திருத்தி அனுப்பித்தான் பட்டம் பெற்றார்.

அந்த ஆய்வின் பொருள் ரூபாயின் மதிப்பு. ரூபாய்க்கும் பவுண்டுக்கும் இடையில் ஆங்கில அரசு வைத்த விகிதம் இந்திய மக்களை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்வி. பவுண்டை எண்ணி எண்ணிச் செலவழித்த மாணவர் ரூபாயைப் பற்றி எழுதினார். தன் பையில் இருந்த பிரச்சினையை நாட்டின் பிரச்சினையாகப் பார்க்கத் தெரிந்தவர்.

பத்து ஆண்டுகள், இரண்டு கண்டங்கள். இந்தக் கதையிலிருந்து பணம் கொடுத்தவர்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கெய்க்வாட், சாகு மகராஜ், பதேனா, வீட்டைத் தாங்கிய ரமாபாய். திறமை அவருடையது. ஆனால் திறமை 1913இலும் இருந்தது, 1917இலும் இருந்தது. 1917இல் பணம் நின்றது, படிப்பும் நின்றது. அம்பேத்கருக்கே அதுதான் நிலைமை என்றால் மற்ற மாணவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தனி ஒருவரின் தயவில் இது நடக்கக் கூடாது, அரசின் கடமையாக வேண்டும் என்று அவர் பின்னாளில் நின்றதற்கு இதுவே வேர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு மத்திய அரசின் உதவித்தொகை தொடங்கக் காரணமாக இருந்தார். இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் வாங்கும் ஸ்காலர்ஷிப் அந்த வழியில் வந்ததுதான்.

நம் மாவட்டத்துக்காரர்

அம்பேத்கர் பம்பாய்க்காரர், நமக்கு எட்டாத தூரம் என்று நினைக்க வேண்டாம். லண்டன் வட்டமேசை மாநாட்டில் 1930இலும் 1931இலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து சக மாணவர்களோடு விளையாடக்கூட மாட்டாராம். மணி அடிக்கும்வரை வெளியே தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஒளிந்து படித்த அதே மனிதர் 1893இல் தன் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். பின்னர் லண்டன் போக வேண்டும் என்று புறப்பட்டார். பயணம் தென்னாப்பிரிக்காவோடு நின்றது. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1921இல்தான் ஊர் திரும்பினார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டபோது, எங்கள் ஆள் தெருவில் விழுந்துகிடந்தாலும் மேல்சாதிக்காரர் தூக்கிவிட மாட்டார் என்று விளக்கினார்.

அன்று அவர் நினைத்தபோது லண்டன் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. அனுப்ப ஆள் இல்லை, பணம் இல்லை, திட்டம் இல்லை. இன்று திட்டம் இருக்கிறது.

இன்றைய பதினொன்றரைப் பவுண்டு

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. மீதி, சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. 30 விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வயது 35க்குள். தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் கிடைக்கும். கல்விக் கட்டணம், விமானக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு 15,400 டாலர், பிரிட்டனில் 9,900 பவுண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது என்ன? 2025-26ஆம் ஆண்டுக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஆணை தந்தார்கள். மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். 2025 ஜூலையில் நாளிதழ்களில் வந்த செய்தி இது. பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி, வேலையை விட்டு, பெட்டி கட்டத் தயாரான பிள்ளைகள் அவர்கள். 1917இல் அம்பேத்கருக்கு நின்ற அதே பணம், நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அதே சமூகத்துப் பிள்ளைகளுக்கு நிற்கிறது. அன்று ஒரு சமஸ்தானத்தின் ஒப்பந்தம் முடிந்தது. இன்று குடியரசின் கருவூலம் கை விரிக்கிறது.

2022இல் இன்னொரு விதியும் வந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றார்கள். சாதியைப் பற்றி 1916இல் கொலம்பியாவில் கட்டுரை படித்த மாணவர் இன்று விண்ணப்பித்திருந்தால், தலைப்பைப் பார்த்ததுமே தள்ளியிருப்பார்கள். நம் வாழ்க்கையை நாமே ஆராயக் கூடாது என்றால், அதை யார் ஆராய்வது?

தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 36 லட்சம் ரூபாய் வரை. 8 முதல் 12 லட்சம் வரை இருந்தால் 24 லட்சம் வரை. மத்தியத் திட்டத்தில் இடமில்லாத, கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களையும் மாநிலத் திட்டம் சேர்த்துக்கொள்கிறது. நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். இருளர் உள்ளிட்ட பழங்குடியினருக்கு மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் தனியாக 20 இடங்கள் வைத்திருக்கிறது.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மாநிலத் திட்டத்தின் உச்சவரம்பு ரூபாயில் இருக்கிறது. கட்டணம் டாலரிலும் பவுண்டிலும் இருக்கிறது. ரூபாய் விழுகிற ஒவ்வொரு முறையும், அறிவிப்பு எதுவும் இல்லாமலே உதவித்தொகை குறைகிறது. ரூபாயைப் பற்றி ஆராய்ந்தவர் பெயரில் உள்ள திட்டத்தில் இந்தக் குறை இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் விகிதத்தைப் பார்த்து வரம்பைத் திருத்த வேண்டும்.

இன்னொரு முட்டுக்கட்டை நேரம். பல பல்கலைக்கழகங்கள் இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கேட்கின்றன. விசாவுக்குக் கையிருப்புக் காட்டச் சொல்கிறார்கள். உதவித்தொகை ஆணை வருவதோ அதற்குப் பிறகு. இந்த இடைவெளியை வசதியான குடும்பம் வங்கிக் கணக்கால் நிரப்பும். ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பம் எதால் நிரப்பும்? ஏஜெண்டிடமும் கந்துவட்டிக்காரரிடமும் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தேர்வானவருக்கு முன்பணத்தைத் தாட்கோ வழியாக உடனே தரும் ஏற்பாடு வேண்டும் என்பதை நம் மக்கள் பிரதிநிதிகள் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும்.

கடல் தாண்டியும் வரும் கேள்வி

போகிற பிள்ளைகளிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லி அனுப்ப வேண்டும். அம்பேத்கர் போன காலத்தில் அமெரிக்காவில் இந்தியர்கள் மிகக் குறைவு. இன்று பெரிய பல்கலைக்கழகங்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. அவர்களோடு சாதியும் விமானம் ஏறிவிட்டது. எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

ஆனால் அங்கே போராடியவர்களும் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பினார் என்பதும் உண்மை. அங்கேயும் பாதி வழிதான் வந்திருக்கிறோம். எனவே சேருகிற பல்கலைக்கழகத்தில் பாகுபாடு பற்றிய விதி என்ன, புகார் எங்கே கொடுப்பது, அம்பேத்கர் பெயரில் மாணவர் வட்டம் இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு பதேனாவும் கிடைப்பார். தேடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவரா நீங்கள்? இன்றே தொடங்குங்கள்.

முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, பாஸ்போர்ட் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக, இன்னொன்றில் ஓர் எழுத்து மட்டும் என்றிருந்தால், கடைசி நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். பிறகு பாஸ்போர்ட். சாதாரண முறையில் 1500 ரூபாய் கட்டணம். அதை எடுத்து வைத்திருப்பதே பாதி தைரியம்.

அடுத்து ஆங்கிலத் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் கட்டணமே 15 ஆயிரத்துக்கு மேல். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு அதற்கான பயிற்சியைத் தாட்கோ நடத்துகிறது. தமிழ் வழியில் படித்தோமே என்ற தயக்கம் வேண்டாம். ஒன்றரை ஆண்டு ஒழுங்காகப் படித்தால் வரும்.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியத் திட்டத்துக்கு அது கட்டாயம். நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதமும் வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனால் ஓர் ஆண்டுச் செலவுக்கு ஏறக்குறைய 12 ஆயிரம் யூரோ வங்கியில் காட்ட வேண்டும். இயந்திரவியல் படிக்கும் ஒரகடம் பிள்ளைகள் இதை யோசிக்கலாம்.

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரிப் பிள்ளைகள் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்திலும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளைகள் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தை அணுகுங்கள். அங்கே தெளிவாகச் சொல்லாவிட்டால் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல ஆணையரகம் இருக்கிறது. வாய்வார்த்தையாகக் கேட்க வேண்டாம். மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கம்பெனி வேலைக்குப் போனால் அடுத்த மாதமே சம்பளம் வரும். அது வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது தெரியாமல் பேசவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் அந்தச் சம்பளம் நிற்கும். ஆலை மூடினாலும் நிற்கும். ஃபோர்டு நமக்கு அதைக் காட்டிவிட்டது. இரண்டு ஆண்டு பொறுத்தால் வேறொரு கதவு திறக்கும் என்றால், ஊரில் நான்கு குடும்பம் சேர்ந்தாவது ஒரு பிள்ளையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 14 அன்று பேனருக்கும் பட்டாசுக்கும் வசூலிப்பதில் ஒரு பங்கை, அந்த ஆண்டு பாஸ்போர்ட்டும் ஆங்கிலத் தேர்வும் எழுதும் ஒரு மாணவிக்குக் கொடுக்கலாம். அம்பேத்கருக்கு நண்பர் கொடுத்த 5000 ரூபாய் என்ன செய்தது என்று பார்த்தோம் அல்லவா?

மத்தியத் திட்டத்துக்கான விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் இணையத்தில் திறக்கும். 125 இடங்கள். 115 நமக்கு. அதில் ஒன்றாவது அடுத்த ஆண்டு மறைமலை நகர் பின்கோடு உள்ள விண்ணப்பத்துக்குப் போக வேண்டும்.